இருபத்துமூன்று டப்பாக்கள்

காலை பத்தே காலுக்குக் கணக்கப்பிள்ளை அந்த இருபத்துமூன்று பேரையும் கண்டுபிடித்தது. ஆய்வகத்தில் அதைக் கவனித்துக்கொள்கிற கிளாரிந்தா கையிலிருந்த டீயை வைக்க மேசையில் இடம் தேடினாள், கிடைக்கவில்லை, தரையில் வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள். நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

கணக்கப்பிள்ளை என்பது ஆள் இல்லை, கணினி நிரல். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு, தூத்துக்குடி ஆய்வகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. உப்பளத்தில் இன்றைக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று நோட்டில் குறிப்பாரே ஒருவர், அவர் வேலையைத்தான் இதுவும் செய்தது. மாதம் ஒருமுறை ரேஷன் கடையில் வெள்ளை டப்பா கொடுப்பார்கள். கடுகளவு மலத்தை அதில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளின் மரபணுத் துணுக்குகளைப் பொறுக்கி, ஒட்டவைத்து, எந்தக் கிருமி வந்திருக்கிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொண்டு, இந்த மனிதருக்கு இரண்டு வருடம் கழித்துச் சிறுநீரகம் கெடும் என்று இன்றைக்கே சொல்லிவிடும். 2041இல் தென்மாவட்டங்களில் ஜாதகத்தைவிட அதற்கு மவுசு அதிகம்.

உப்பளத்துக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெடுவது புதிதில்லை. வெயில் ஒரு காரணம். அளத்தில் ஒதுங்க இடம் இல்லை என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வது இன்னொரு காரணம். அதனால்தான் முதலில் உப்பள ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். சிப்பிக்காடு என்ற ஊரிலிருந்து வந்த நூற்றுப்பத்து டப்பாக்களில் இருபத்துமூன்றில் ஒரு விநோதக் கூட்டணி இருந்தது. ஐந்து வகைக் கிருமிகள். ஒன்று மிச்சம் வைத்ததை அடுத்தது தின்றது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய விஷத்தை, அது இரத்தத்தில் சேர்வதற்கு முன்பே குடலிலேயே பிடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தன.

“சார், கொஞ்சம் இங்க வாங்க” என்றாள். “கிட்னி பாக்குற வேலைய கொடல்ல அஞ்சு கிருமி சேந்து பாக்குது.”

ஆய்வகத் தலைவர் டாக்டர் மீரான் சுலபத்தில் உற்சாகப்படுகிறவர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட “சரி” என்று மட்டும்தான் சொன்னார் என்பார்கள். அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எத்தன பேர்ட்ட?”

“இருவத்துமூணு.”

“ஒருத்தர்ட்ட இருந்தா தற்செயல்னு தள்ளிரலாம். ரெண்டு மூணு பேர்னா ஒரே வீடு. இருவத்துமூணு பேருன்னா அது ஊர்ச்சொத்தும்மா” என்றார். மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். “அவங்க ரத்தப் பரிசோதனை திங்கக்கெழம வருது. அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாத.”

அவளால் மத்தியானம் வரைக்கும்கூட மூச்சுவிடாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள்.

வீட்டில் தம்பி டைட்டஸ் இருந்தான். முப்பத்தொரு வயது, ஆறு வருடமாக டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள். இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஊசிக்கு வழி செய்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் ரீங்காரமிடும். ஒரு நாள் ரீங்காரம் நின்றது, அடைத்துவிட்டது. வலது கையில் செய்தார்கள், அதுவும் அடைத்துவிட்டது. இப்போது கழுத்தில் குழாய். அதுவும் போனால் ஊசி குத்த உடம்பில் வேறு வழி இல்லை, வருடக் கடைசி வரை பார்க்கலாம் என்று மருத்துவர் கிளாரிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவளுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் நிற்பவர்களில் அவன் எண் நானூறைத் தாண்டும்.

அவள் சொல்லி முடிக்கும் வரை டைட்டஸ் அசையாமல் கேட்டான்.

“ஏக்கா, நெசமாத்தான் சொல்லுதியா?”

“ஆறு மாசம் பொறுல. அந்தக் கிருமிய வளத்து மாத்திரையாக்கி உன் வாயில போட்டிருவேன்.”

“எதுலேருந்து எடுக்க மாத்திரைன்னு சொன்ன?”

“அத நீ யோசிக்காத.”

“யோசிக்கல. கண்ண மூடிக்கிட்டு முழுங்கிட்டு, நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு ஒரு சட்டி தின்பேன். ஆறு வருசமாச்சு.”

அவன் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. வாக்குக் கொடுத்தது தப்பு என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலையிலேயே இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. இருபத்துமூன்று பேரின் இரத்தத்திலும் ஒரு விசேஷமும் இல்லை. மற்ற உப்பளத்துக்காரர்களைப் போலவே எட்டுப் பேருக்கு விஷம் ஏறத் தொடங்கியிருந்தது. அதாவது டப்பா சொன்னதற்கும் உடம்பு சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. கிளாரிந்தா நிரலை முதல் வரியிலிருந்து திறந்தாள். எங்கே தப்பு என்று தேடத் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு முன் தானே நிறுத்திவைத்த ஒரு சோதனையில் வந்து நின்றாள்.

ஒரே ஆள் இரண்டு பெயரில் டப்பா கொடுத்திருக்கிறாரா என்று பார்க்கும் சோதனை அது. ஏதோ குளிர்நாட்டில் எழுதியது. அங்கே ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு அறை, கிருமிகளும் அவரவர் வீட்டோடு இருந்துகொள்ளும். இங்கே ஒரே சட்டியில் பிசைந்து எல்லார் கையிலும் உருட்டி வைக்கிற குடும்பங்கள். நிரல் குழம்பிப்போய் மாமியாரும் மருமகளும் ஒரே ஆள் என்று அடித்துச் சொன்னது. அப்படிச் சொன்ன ஒரே ஜீவன் உலகத்திலேயே இதுதான் என்று ஆய்வகமே சிரித்தது. வீடு வீடாக நல்ல மாதிரிகளைத் தள்ளிவிடுகிறதே என்று அவள் சோதனையை நிறுத்தினாள். மீரானும் சரி என்றார்.

இப்போது அதை மறுபடி ஓடவிட்டாள், இன்னும் கடுமையாக. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமி ஒன்றாக இருக்கலாம். ஆனால் கிருமிகளின் மரபணுவில் நேற்று முளைத்த சின்னச் சின்ன மாற்றங்கள்கூட ஒன்றாக இருக்க முடியாது. நாற்பது வினாடியில் பதில் வந்தது. இருபத்துமூன்று டப்பாவும் ஒரே உடம்பு.

“யாரோ ஒருத்தர் எல்லார் டப்பாவையும் நெரப்பிக் குடுத்திருக்காங்க” என்றார் மீரான். அவர் முகத்தில் போன வாரத்து வெளிச்சம் அணைந்துவிட்டது. “காலேஜ்ல பக்கத்துப் பையனுக்கு ஆஜர் சொல்லுற மாதிரி. இருவத்துமூணையும் அழிச்சிரு.”

“இருவத்துமூணு பேர் இல்ல சார், சரி. ஆனா ஒரு ஆளு இருக்குல்லா?”

“இருக்கு. யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?”

அதற்கு வழி இருந்தது, சொல்லாமலே இருவருக்கும் தெரியும். டப்பாவில் கிருமிகளோடு அந்த மனிதரின் செல்களும் கொஞ்சம் வரும். கணக்கப்பிள்ளை அவற்றைப் பார்க்காமல் ஒரு மூலையில் ஒதுக்கிவைக்கும். திறந்து பார்த்தால் ஆணா பெண்ணா, யாருக்கு உறவு, எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் டப்பா கொடுக்கும்போது ஊருக்கெல்லாம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கிருமியை மட்டும் பார்ப்போம், உங்களைப் பார்க்க மாட்டோம். அந்த வாக்கியத்தை எழுதியவளே கிளாரிந்தாதான். டைட்டஸின் கழுத்துக் குழாய் கண்முன் வந்தது. விரல் அந்த மூலையைத் திறக்கும் விசைக்கு மேல் போய் நின்றது, கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“நேர்ல போய்க் கேக்கேன் சார். வாயி எதுக்கு இருக்கு?”

சிப்பிக்காட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. உப்பு வாரப் போன பெண்கள் திரும்புகிற நேரம். ரேஷன் கடை டப்பாக்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்குகிற சண்முகத்தாய் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்க மேடம். டப்பா எதும் கொறையுதா?”

“கொறையலக்கா. இருவத்துமூணு டப்பாவுல ஒரே ஆளு இருக்காங்க.”

சண்முகத்தாய் கீரையை இன்னும் கவனமாக ஆய்ந்தாள். “அப்படியெல்லாம் இருக்காதே. மிஷின்ல எதும் கோளாறா இருக்கும்.”

“அக்கா, உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நான் புகார் எழுத வரல. எனக்கு அந்த ஆளு வேணும். என் தம்பி உசுருக்கு வேணும்.”

சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிற முகமா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

“காலம்பற மூணு மணிக்கே அளத்துக்குப் போயிருதாளுவ” என்று ஆரம்பித்தாள். “திரும்பி வந்தா சோறு, புள்ள, தண்ணி. இதுல நான் போய் டப்பாவ நீட்டுனா மூஞ்சியத் திருப்புதாளுவ. வெக்கம் வேற. வெறும் டப்பாவா அனுப்புனா, சிப்பிக்காடு ஒத்துழைக்கலன்னு செவப்பு எழுத்துல எனக்கு வருது. நான் என்ன செய்ய? அப்பதான் அவ வந்து, குடுங்கக்கா, நான் நெரப்பித் தாரேன்னா. ஒதவிதானன்னு நெனச்சேன்.”

“யாரு அவங்க?”

சண்முகத்தாய் பாதையைப் பார்த்தாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, உப்பு வாரும் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருத்தி விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அளத்தில் எட்டு மணி நேரம் நின்றவளைப் போலவே இல்லை.

“ஸ்கூட்டரப் பாத்ததுமே நெனச்சேன்” என்றாள் வந்தவள். “டப்பா ஆபீசா? நாந்தான் மேடம். பேச்சிக்கனி.”

கிளாரிந்தா என்ன கேட்பதென்று யோசிப்பதற்குள் பேச்சிக்கனி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினாள்.

அந்தக் கையைக் கிளாரிந்தாவுக்குத் தெரியும். புடைத்து வளைந்த நரம்பு, அதன் மேல் நூற்றுக்கணக்கான ஊசித் தழும்புகள். டைட்டஸின் கை அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே ரீங்காரம் தட்டுப்பட்டது, திடமாக, நிற்காமல்.

“எப்ப டயாலிசிஸ் பண்ணீங்க கடைசியா?”

“நாலு வருசம் இருக்கும்.”

“நாலு வாரமா?”

“வருசம் மேடம். வெள்ளம் வந்துச்சுல்லா, பாலம் ஒடைஞ்சு மூணு வாரம் ஊருக்குள்ள மாட்டிக்கிட்டோம். இங்கேருந்து மூணு பேரு டயாலிசிசுக்குப் போய்க்கிட்டிருந்தோம். பக்கத்து வீட்டு மாடத்தி பத்தாம் நாள் போய்ட்டா. லாரி ஓட்டுன செல்லப்பாண்டி அண்ணாச்சி பதிமூணாம் நாள் போய்ட்டாரு. அடுத்து நாந்தான்னு படுத்துக் கெடந்தேன். வரல. பசிச்சிச்சு. எந்திரிச்சு கஞ்சி குடிச்சேன். பாலம் சரியான பெறகும் போகத் தோணல. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் செத்திருவேன், நாளைக்குச் செத்திருவேன்னு மூணு மாசத்துக்கு மேல ஓடிப்போச்சு.”

கிளாரிந்தா பையிலிருந்து கையளவு பரிசோதனைக் கருவியை எடுத்தாள். எடுக்கும்போது இரண்டு முறை தவறவிட்டாள். பேச்சிக்கனியின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வைத்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. சிறுநீரகம் அநேகமாக வேலையே செய்யவில்லை என்றது கருவி. இரத்தத்தில் விஷம் எவ்வளவு என்ற இடத்தில், நல்ல சிறுநீரகம் உள்ள மனிதருக்கு வருகிற எண் வந்தது. சந்தேகத்தில் இன்னொரு விரலில் குத்தினாள். அதே எண்தான்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சண்முகத்தாயின் கையைப் பிடித்து அழுத்தியதில் கீரை எல்லாம் கொட்டியது.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிருக்கலாம்லா? இப்படி ஒரு அதிசயம் நடந்திருக்கு, நீங்க பாட்டுக்கு உப்பு வாரிக்கிட்டு இருக்கீங்க?”

“மூணு தடவ போனேன்” என்றாள் பேச்சிக்கனி. முதல்முறையாக அவள் குரலில் சூடு ஏறியது. “ஆஸ்பத்திரில பேரச் சொன்னா, கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, இறந்துட்டாங்கன்னு காட்டுதுங்காங்க. நான்தாம்மா அதுன்னா, நீங்க வேற பேச்சிக்கனியா இருக்கும்ங்காங்க. மனு எழுதிக் குடுத்தேன். பதில் இல்ல. ரேஷன் கடையில போய் டப்பா குடுங்கன்னு கேட்டேன். அங்கயும் அதே கத. செத்தவளுக்கு டப்பா கெடையாதாம்.”

அப்படிக் காட்டவைக்கும் நிரல் வரியைக் கிளாரிந்தாவுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் அவளே எழுதியது. டயாலிசிசுக்கு வந்துகொண்டிருந்தவர் தொண்ணூறு நாள் வரவில்லை, வேறு தகவலும் இல்லை என்றால், இறந்தவர் என்று குறி. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. விட்டுப்போன இடங்கள் எல்லாம் நிரம்பி, பட்டியல் துப்புரவாக ஆனது. மீரான் அன்றைக்கும் “சரி” என்றார், அது அவர் அகராதியில் பெரிய பாராட்டு. அந்தப் பட்டியலைத்தான் ஆஸ்பத்திரிகளும் ரேஷன் கடைகளும் வாங்கிக்கொண்டன.

அதை வைத்துத்தான் கணக்கப்பிள்ளையும் பாடம் படித்தது. டயாலிசிசை நிறுத்தியவர் பிழைப்பதே இல்லை என்று அது இத்தனை நாள் அடித்துச் சொல்லிவந்ததற்குக் காரணம் இருந்தது. பிழைத்தவர்களை எல்லாம் செத்தவர்கள் என்று எழுதி அதன் கையில் கொடுத்தவள் அவள்தான். தம்பிக்கு மருந்து எங்கேயாவது கிடைக்காதா என்று ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தேட வேண்டிய இடத்தை முதல் நாளே பூட்டியவளும் அவளே.

“அந்தக் கம்ப்யூட்டர்ல அப்படி எழுதுனது நாந்தான்” என்றாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. “ஒங்களக் கொன்னது நான்.”

பேச்சிக்கனி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாத்தா அப்படித் தெரியலயே” என்றாள். பிறகு திண்டாடி நிற்கிறவளைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, படியில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். “நானும் ஒண்ணு சொல்லுதேன். சண்முகத்தாயி அக்கா நெனைக்க மாதிரி நான் ஒதவிக்காக நெரப்பல.”

“பின்ன?” என்றாள் சண்முகத்தாய்.

“எனக்குள்ள என்னமோ இருக்கு, அதான் எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சுது. மாடத்திக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைய. அது என்னன்னு யாராச்சும் முன்னாடியே பாத்திருந்தா அவளும் இருந்திருப்பாள்லா? பாக்கணும்னா என்னைய பாக்கணும். என்னத்தான் பாக்க மாட்டீங்களே. எங்க ஊர்லேருந்து நீங்க கேட்டு வாங்குற ஒரே சாமான் அந்த டப்பாதான். சரி, அதுலயே அனுப்புவோம்னு மொதல்ல எங்க அண்ணன் வீட்டு மைனி பேருல ஒண்ணு வெச்சேன். ரெண்டு மாசம் பாத்தேன். ஒருத்தரும் வரல.”

ஒருத்தர்ட்ட இருந்தா தற்செயல் என்று மீரான் சொன்னது கிளாரிந்தாவின் காதில் ஒலித்தது.

“அடுத்து மூணு டப்பாவுல வெச்சேன். அப்பவும் வரல. சரி, ஊரையே காட்டுனாத்தான் இவங்க வருவாங்கன்னு இருவத்துமூணுல வெச்சேன். கடுகளவு போதும்னு நீங்கதான் எழுதிருக்கீங்களே. ரெண்டு நாள் காலம்பற சோலி முடிஞ்சுது.” பேச்சிக்கனி சிரித்தாள். “வந்துட்டீங்கள்லா?”

கிளாரிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அங்கேயே மடியில் கணினியைத் திறந்தாள். அந்தப் பழைய வரியைத் தேடி எடுத்தாள். ‘இறந்தவர்’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். வேறு எதையும் தொடவில்லை. கணக்கப்பிள்ளை பட்டியலை மறுபடி எண்ணியது. தென்மாவட்டங்களில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர் இறந்தவர் பட்டியலிலிருந்து எழுந்து, தெரியாதவர்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நூற்றுக்கு மூன்று. ஐம்பத்தைந்து பேர். ஐம்பத்தைந்து பேர் இப்போது எங்கேயோ மீன் அரிந்துகொண்டோ, பஸ்ஸுக்கு நின்றுகொண்டோ இருக்கலாம். அவர்களில் எத்தனை பேர் வயிற்றில் இந்த ஐந்து கிருமிகள் இருக்கின்றன, அவை எதனால் வந்தன, இன்னொருவர் வயிற்றில் தங்குமா, ஒன்றும் தெரியாது. போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். உட்கார்ந்திருக்கவே முடியவில்லை அவளுக்கு.

டைட்டஸ் போனில் கூப்பிட்டான். ஆளைத் தேடிப் போவதாகக் கிளம்பும்போதே அவனுக்குச் சொல்லியிருந்தாள், காலையிலிருந்து இது நான்காவது தடவை.

“ஏக்கா, ஆளு கெடச்சுதா?”

“கெடச்சிட்டு. டயாலிசிஸ் இல்லாம நாலு வருசமா உப்பு வாருதாங்க. என் பக்கத்துலதான் இருக்காங்க.”

“அப்போ எனக்குச் செரியாயிருமா?” என்றான்.

ஆறு மாசம் பொறுல என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

“தெரியலலே. நெசமாவே தெரியல. நாளையிலேருந்து தேடப் போறோம்.”

“அந்த டாக்டர் உன்னத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனதுலேருந்து நீ என்னய ஏற்கெனவே செத்தவன் மாதிரிதான் பாத்துக்கிட்டு இருந்தக்கா. அதுக்கு இது எவ்வளவோ தேவல” என்றான் டைட்டஸ். “நெத்திலி வாங்கிக் காயப்போட்டு வையி. கெட்டா போகும்?”

அவள் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பேச்சிக்கனி சண்முகத்தாயின் பையைத் துழாவி ஒரு புது டப்பாவை எடுத்து வைத்திருந்தாள்.

“இந்தத் தடவ எம் பேருலயே எழுதுங்க.”

கிளாரிந்தா பெயரைக் கணினியில் தட்டினாள். கணக்கப்பிள்ளை மறுக்கவில்லை. இவர் நிலை தெரியவில்லை, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டது. கிளாரிந்தா கணினியை அவள் பக்கம் திருப்பினாள். பேச்சிக்கனி உப்பு காய்ந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ‘உயிரோடு’ என்று இருந்த இடத்தைத் தேடி அழுத்தினாள். அழுத்திய பிறகும் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

டப்பாவின் மேல் கிளாரிந்தா எழுதி ஒட்டிய சீட்டில் இருந்த தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “நாளைக்குக் காலம்பற தாரேன் மேடம்” என்றாள். “அவசரப்படுத்துனா வராது.”

கிளாரிந்தா மீரானைக் கூப்பிட்டு, இன்றைக்குச் சிப்பிக்காட்டிலேயே தங்கப் போவதாகச் சொன்னாள்.